லித்துவேனியர்களின் தேசிய, பண்பாட்டு விழிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பால்டிக் கடலோரத்தில் உள்ள சிறிய நாடு லித்துவேனியா. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் மொழி பெரும்பாலும் உழவர் வீடுகளிலும் வயல்களிலும் மட்டுமே கேட்டது. பிரபுக்கள் போலிஷ் பேசினார்கள், அரசு அலுவலகம் ரஷ்ய மொழியில் நடந்தது. 1918இல் அதே மொழியில் ஒரு குடியரசின் விடுதலைப் பிரகடனம் எழுதப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் நடந்ததைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். படைத்தளபதிகளுக்கு இந்த வரலாற்றில் வேலை குறைவு. ஊர்ப் பாதிரியார்கள், மருத்துவர்கள், நூல் நூற்ற தாய்மார்கள், மூட்டை சுமந்த குடியானவர்கள்தான் இதை நடத்தினார்கள். எனக்கு இதன்மேல் இத்தனை பற்று வரக் காரணமும் அதுவே.

தேசிய விழிப்பு என்று எந்தக் காலத்தைச் சொல்கிறார்கள்?

பொதுவாக 1883 முதல் 1918 வரை. தொடக்கம் 'ஔஷ்ரா' என்ற மாத இதழ், முடிவு விடுதலைப் பிரகடனம். ஆனால் வேர்கள் அதற்கு முந்தையவை. சிமோனாஸ் தௌகந்தாஸ் என்ற உழவர் மகன் வில்னியுஸ் பல்கலைக்கழகத்தில் படித்து, 1822இல் லித்துவேனிய மொழியிலேயே தம் மக்களின் வரலாற்றை எழுதி முடித்தார். அதற்கு முன் யாரும் அதைச் செய்ததில்லை. அந்த நூல் அவர் காலத்தில் அச்சேறவில்லை. பின்னர் பீட்டர்ஸ்பர்க்கில் அரசு ஊழியராக இருந்தபோது பழைய ஆவணங்களைத் தேடித் தேடிப் படித்து, 1845இல் புனைபெயரில் இன்னொரு நூலை வெளியிட்டார். 1864இல் வறுமையில் இறந்தார். அவருடைய கையெழுத்துப் படிகள் அடுத்த தலைமுறையிடம் போய்ச் சேர்ந்தன.

லித்துவேனியா ஒரு காலத்தில் பெரிய அரசாக இருந்ததே? பிறகு எப்படி அதன் மொழி இந்த நிலைக்கு வந்தது?

பேரளவு அரசாகத்தான் இருந்தது. 15ஆம் நூற்றாண்டில் அதன் எல்லை கருங்கடலை நோக்கி நீண்டது. ஆனால் அந்த அரசின் எழுத்து வழக்கில் லித்துவேனிய மொழிக்கு இடமே இல்லை. ஆவணங்கள் ஸ்லாவிய மொழியிலும் லத்தீனிலும் பின்னர் போலிஷிலும் எழுதப்பட்டன. 1385இல் போலந்தோடு தொடங்கிய உறவு 1569இல் லுப்லின் ஒப்பந்தத்தால் ஒரே கூட்டரசானது. மேல்தட்டு மெல்ல மெல்லப் போலிஷுக்கு மாறியது. 1795இல் அந்தக் கூட்டரசை ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் பங்குபோட்டுக்கொண்டபோது லித்துவேனியாவின் பெரும்பகுதி ரஷ்யாவிடம் போனது.

ரஷ்ய ஆட்சிக்கு எதிரான 1830–31 எழுச்சி தோற்றதும் 1579 முதல் இயங்கிய வில்னியுஸ் பல்கலைக்கழகத்தை ஜார் அரசு 1832இல் மூடியது. 1861இல் பண்ணையடிமை முறை ஒழிந்தது. 1863இல் இன்னோர் எழுச்சி, இன்னொரு தோல்வி. அதற்கான தண்டனை மொழியின்மேல் விழுந்தது.

எழுத்துத் தடை என்கிறார்களே, அது என்ன?

எழுச்சியை அடக்க வந்த ஆளுநர் மிகயீல் முராவியோவுக்கு மக்கள் வைத்த பெயர் 'தூக்குப்போடுபவர்'. 1864இல் லத்தீன் எழுத்தில் லித்துவேனிய அரிச்சுவடி அச்சிடக்கூடாது என்று அவர் உத்தரவிட்டார். அவருக்குப் பின் வந்த காவுப்மான் 1865இல் அதை எல்லா நூல்களுக்கும் விரித்தார். அச்சிடுவது, வெளியிலிருந்து கொண்டுவருவது, விற்பது எல்லாமே குற்றம். ஜெபப் புத்தகமும் அதில் அடங்கும், பஞ்சாங்கமும் அடங்கும்.

இந்தப் பஞ்சாங்கம் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். லௌரினாஸ் இவின்ஸ்கிஸ் என்பவர் 1846 முதல் லித்துவேனிய மொழியில் ஆண்டுதோறும் பஞ்சாங்கம் வெளியிட்டார். அதில் சந்தை நாள், திருநாள், பயிர்க் குறிப்பு இவற்றோடு இலக்கியமும் வந்தது. அந்தானாஸ் பரனௌஸ்காஸ் தம் ஊர்க் காட்டைப் பற்றிப் பாடிய 'அனீக்ஷ்சியூ ஷிலேலிஸ்' என்ற நெடும்பாடல், இன்று லித்துவேனிய இலக்கியத்தின் உச்சங்களில் ஒன்றாக வைத்துப் போற்றப்படுவது, 1860–61இல் அச்சேறியது அந்தப் பஞ்சாங்கத்தில்தான். ஜெபப் புத்தகத்தைத் தவிர உழவன் வீட்டில் இருந்த அச்சுத்தாள் அது ஒன்றே. தடை அதையும் பறித்தது.

அரசு லித்துவேனிய மொழியைத் தடைசெய்யவில்லை, எழுத்தை மாற்றச் சொன்னது. லித்துவேனிய மொழியை ரஷ்ய எழுத்தான சிரிலிக்கில் அச்சிட்டு அரசே நூல்களை வெளியிட்டது, பள்ளிகளில் இலவசமாகவும் கொடுத்தது. வேறு எழுத்தில் படித்துப் பழகிய குழந்தை நாளடைவில் ரஷ்ய மொழிக்கும் ரஷ்யத் திருச்சபைக்கும் வந்துவிடும் என்பது அதிகாரிகளின் கணக்கு. அந்தத் தடை 1904 மே 7 வரை நாற்பது ஆண்டுகள் நீடித்தது.

எழுத்துதானே மாறுகிறது, சிரிலிக்கை ஏற்றுக்கொண்டிருந்தால் என்ன?

நியாயமான கேள்வி. மொழியியல் நோக்கில் எந்த எழுத்திலும் எந்த மொழியையும் எழுதலாம். ஆனால் ஓர் உழவப் பெண்ணுக்கு எழுத்து என்பது அவள் தாய் வைத்திருந்த ஜெபப் புத்தகத்தின் முகம். சிரிலிக்கை அவள் கண்டது ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் ஆலயத்திலும் வரி கேட்டு வந்த தாளிலும். அந்த எழுத்தில் கத்தோலிக்க ஜெபத்தைப் பார்த்ததும், மதம் மாற்றத்தான் வருகிறார்கள் என்று மக்கள் எண்ணினார்கள். பிசகாக எண்ணிவிடவில்லை. அதிகாரிகளே தங்களுக்குள் எழுதிக்கொண்ட கடிதங்களில் நோக்கத்தை மறைக்கவில்லை.

இந்த எதிர்ப்புக்கு உரு கொடுத்தவர் ஜெமைத்தியாப் பகுதியின் ஆயர் மோதியேயுஸ் வலன்ச்சியுஸ். 1858 முதல் அவர் நடத்திய மதுவிலக்கு இயக்கத்தில் ஊர் ஊராக மக்கள் சேர்ந்து குடியை விட்டார்கள். சாராய வரி வருமானம் சரிந்ததைக் கண்ட அரசு 1864இல் அந்த இயக்கத்தையே தடைசெய்தது. ஊர்தோறும் பெயர்ப் பட்டியல் வைத்திருந்த பங்குகள் (பாதிரியாரின் பொறுப்பில் உள்ள ஊர்ச் சபைகள்), சொன்னால் கேட்கும் மக்கள் என்று ஓர் அமைப்பு அவர் கையில் ஏற்கெனவே இருந்தது. சிரிலிக் நூல்களை வாங்காதீர்கள் என்று பெயர் போடாத சிறு நூல்கள் எழுதினார். பிரஷ்யாவில் பழைய எழுத்திலேயே நூல்களை அச்சிடப் பணம் அனுப்பினார், கொண்டுவரும் பாதிரியார்களை ஏற்பாடு செய்தார். 1870 வாக்கில் அந்த வலையமைப்பு காவலர்களிடம் சிக்கியது. பாதிரியார்கள் நாடுகடத்தப்பட்டார்கள். வலன்ச்சியுஸ் 1875இல் இறந்தார். வேலை நிற்கவில்லை, பாதிரியார்களிடமிருந்து குடியானவர்கள் கைக்கு மாறியது.

எல்லை தாண்டிப் புத்தகங்கள் எப்படி வந்தன?

இந்தக் கதையின் நெஞ்சு இங்கேதான் இருக்கிறது. லித்துவேனியர்கள் இவர்களை 'க்னீக்னெஷீஸ்' என்பார்கள், புத்தகம் சுமப்பவர் என்று பொருள்.

எல்லைக்கு அப்பால், பிரஷ்யாவில், தில்சித், ராக்னித், மெமெல் ஆகிய ஊர்களில் அச்சகங்கள் இருந்தன. பல அச்சக முதலாளிகள் ஜெர்மானியர்கள், வணிகம் கருதியே அச்சிட்டார்கள். தில்சித்தில் ஓட்டோ ஃபொன் மௌடெரோடே நடத்திய அச்சகம் இவற்றில் மிகப் பெரியது. அச்சிடும்போதே ஒரு தந்திரம் செய்வார்கள். தலைப்புப் பக்கத்தில் தடைக்கு முந்தைய ஆண்டையும் வில்னியுஸ் அச்சகப் பெயரையும் போட்டுவிடுவார்கள். சோதனையில் பிடிபட்டால், "இது தாத்தா காலத்துப் புத்தகம், அப்போது தடை இல்லை" என்று சொல்லலாம்.

பிறகு எல்லை. ரஷ்யப் பக்கத்தில் காவல் ஒரே வரிசையாக இல்லை, ஒன்றன்பின் ஒன்றாக வரிசைகள். எல்லையோரத்தில் படைவீரர்கள், உள்ளே தள்ளிக் குதிரைக் காவல், அதற்கும் உள்ளே ஊர்க் காவலர்கள். மழை கொட்டும் இரவும் பனிப்புயல் இரவும்தான் சுமப்பவர்களுக்கு நல்ல நேரம். காட்டுப் பாதை, சதுப்பு, குளிர்காலத்தில் உறைந்த ஆறு இவற்றின் வழியே முதுகில் மூட்டையோடு கடப்பார்கள். கடந்ததும் எல்லையோரக் களஞ்சியம் ஒன்றில் மூட்டை இறங்கும். அங்கிருந்து வைக்கோல் வண்டியிலோ தானிய மூட்டைக்குள்ளோ அடுத்த ஊர். கடைசியில் சந்தையில், கோயில் திருவிழாவில், தெரிந்தவர் வழியாக ஒவ்வொரு வீட்டுக்கும். ஒருவருக்குத் தம் அடுத்த கண்ணியை மட்டுமே தெரிந்திருக்கும்.

இவர்களில் பெயர் பெற்றவர் யுர்கிஸ் பியெலினிஸ். 1846இல் பிறந்த உழவர். தடைக்காலம் முடியும் வரை முப்பது ஆண்டுக்கும் மேலாக இந்த வேலையைச் செய்தார். பனேவேஜீஸ் பகுதியில் கர்ஷ்வியாய் என்ற ஊரை மையமாகக் கொண்ட புத்தகச் சங்கத்தின் தூண் அவர். அந்தச் சங்கம் 1895இல் காவல்துறையிடம் சிக்கியபோது உறுப்பினர்கள் பலர் சிறைக்கும் நாடுகடத்தலுக்கும் ஆளானார்கள். பியெலினிஸ் தப்பித்துத் தலைமறைவாகத் திரிந்து தொடர்ந்து சுமந்தார். 1918 ஜனவரியில் இறந்தார். விடுதலைப் பிரகடனம் வர ஒரு மாதம்கூட இல்லை.

பிடிபட்டவர்களுக்கு அபராதம், சிறை, சைபீரியா. எல்லையில் சுடப்பட்டு இறந்தவர்களும் உண்டு. 1891 முதல் 1901 வரையிலான காலத்தில் மட்டும் அதிகாரிகள் கைப்பற்றிய பிரதிகள் 1,70,000க்கு மேல். பிடிபட்டவையே இவ்வளவு என்றால் வீடு போய்ச் சேர்ந்தவை எத்தனை இருக்கும்!

அவற்றில் பெரும்பான்மை ஜெபப் புத்தகங்கள், அரிச்சுவடிகள், பஞ்சாங்கங்கள். அரசியல் இதழ்கள் ஒரு பகுதிதான். சிலர் இதைக் கேட்டு ஏமாற்றம் அடைகிறார்கள், புரட்சி நூல்களையே சுமந்திருப்பார்கள் என்று நினைத்திருந்தார்களாம். ஜெபப் புத்தகத்துக்காகச் சைபீரியா போகத் துணிந்த மனிதரை நான் அதைவிட உயர்வாகவே பார்க்கிறேன். பணத்துக்காகச் சுமந்தவர்களும் இருந்தார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். கூலி வாங்கியதால் குளிர் குறையவில்லை, குண்டும் குறி மாறவில்லை.

பள்ளியில் லித்துவேனிய மொழி இல்லை என்றால் குழந்தைகள் எங்கே படித்தார்கள்?

வீட்டில். தாய் ராட்டையில் நூற்றுக்கொண்டே பக்கத்தில் குழந்தையை உட்காரவைத்து ஜெபப் புத்தகத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்வாள். சிற்பி பெத்ராஸ் ரிம்ஷா 1906இல் இந்தக் காட்சியைச் சிலையாக வடித்தார். லித்துவேனியர்கள் எல்லோரும் அறிந்த சிலை அது. வசதி இருந்த ஊர்களில் 'தரக்தோரியுஸ்' எனப்படும் ஊர் வாத்தியார் குளிர்காலத்தில் வீடு வீடாக மாறி மாறித் தங்கி ரகசியமாகச் சொல்லிக்கொடுப்பார். காவலர் வந்தால் பலகையும் புத்தகமும் மறைந்துவிடும்.

1897 கணக்கெடுப்பில் ரஷ்யப் பேரரசு முழுவதிலும் எழுதப்படிக்கத் தெரிந்தவர்கள் சுமார் 21 விழுக்காடு. அரசுப் பள்ளிகளை மக்கள் நம்பாத கௌனாஸ் மாகாணத்தில் அது ஏறத்தாழ இருமடங்கு.

பிரஷ்யாவில் வாழ்ந்த லித்துவேனியர்கள் யார்?

கோனிக்ஸ்பெர்க்கைத் தலைநகராகக் கொண்ட கிழக்குப் பிரஷ்யாவின் வடபகுதியில் வாழ்ந்தவர்கள், மதத்தால் லுத்தரன்கள். அந்தப் பகுதிக்குச் சிறிய லித்துவேனியா என்று பெயர். முதல் லித்துவேனிய நூலான மர்தீனாஸ் மஜ்வீதாஸின் ஞானோபதேசம் 1547இல் கோனிக்ஸ்பெர்க்கில்தான் அச்சானது. கிறிஸ்தியோனாஸ் தொனெலைதிஸ் என்ற போதகர் 18ஆம் நூற்றாண்டில் உழவர் வாழ்வைப் பற்றி எழுதிய 'மெதாய்' என்ற காவியமும் அங்கே பிறந்து, அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின் 1818இல் அச்சேறியது.

தடைக்காலத்தில் அச்சகம் அங்கே, வாசகர்கள் இங்கே என்ற நிலை. அச்சுக்கூடம் நடத்திய மர்தீனாஸ் யன்குஸ் போன்றவர்கள் இரு கரையையும் இணைத்தார்கள். ஆனால் 1870களில் ஜெர்மனியும் பள்ளிகளில் லித்துவேனிய மொழியை ஒடுக்கத் தொடங்கியது.

'ஔஷ்ரா' இதழ் ஏன் இவ்வளவு முக்கியம்?

விடியல் என்று பெயர் கொண்ட அந்த இதழின் முதல் எண் 1883இல் ராக்னித்தில் அச்சானது. 1886இல் நின்றும்விட்டது. மொத்தம் நாற்பது எண்கள்தான். அதன் தலைமகன் யோனாஸ் பசனாவிச்சியுஸ். உழவர் மகன், மாஸ்கோவில் மருத்துவம் படித்தவர். பல்கேரியாவில் மருத்துவராக இருந்தார். இதழ் தொடங்கும்போது அவர் இருந்தது பிராகாவில் (பிராக் நகரம்). அங்கிருந்து கட்டுரைகளை அனுப்ப, பிரஷ்யாவில் அச்சாகி, இருட்டில் எல்லை தாண்டி வாசகரிடம் போனது.

இதழில் பாதிக்குமேல் பழம்பெருமை. லித்துவேனியர்களின் தோற்றம் பற்றிப் பசனாவிச்சியுஸ் எழுதிய சில கருத்துகளை இன்று எந்த அறிஞரும் ஏற்பதில்லை. ஆனாலும் அதுவரை தனித்தனியாக இருந்த மாணவர், பாதிரியார், மருத்துவர் ஆகியோருக்கு 'நாம்' என்ற உணர்வைத் தந்தது அந்த இதழே. மதம், சமூகத் தட்டு, எல்லைக்கு இப்பால் அப்பால் எதையும் பாராமல், மொழி பேசுபவர் எல்லோரும் ஒரே மக்கள் என்று முதலில் எழுதியதும் அதுதான்.

வின்சாஸ் குதிர்கா யார்?

நாட்டுப்பண் எழுதியவர் என்பது எல்லோரும் சொல்லும் பதில். எனக்கு அவருடைய மனமாற்றம்தான் பெரிதாகப் படுகிறது.

1858இல் சுவல்கியாப் பகுதியில் வசதியான உழவர் குடும்பத்தில் பிறந்தார். பள்ளியில் படித்தபோது தாய்மொழியில் பேசுவதை யாராவது கேட்டுவிடுவார்களோ என்று கூசியவர். படித்தவன் என்றால் போலிஷ் பேச வேண்டும் என்பது அன்றைய நடப்பு. வார்சாவில் மருத்துவ மாணவராக இருந்தபோது 'ஔஷ்ரா'வின் முதல் எண் கைக்கு வந்தது. அதைப் புரட்டியதும் தலை தூக்க முடியாமல் போனதாகவும், மேசையில் அமர்ந்து அழுததாகவும், லித்துவேனியனாக வாழாமல் கழித்த நேரங்களுக்காக வருந்தியதாகவும் பிற்பாடு அவரே எழுதினார்.

1889இல் 'வார்பாஸ்' என்ற இதழைத் தொடங்கினார். பெயரின் பொருள் மணி. ஔஷ்ராவின் பழம்பெருமை இதில் குறைவு. பயிர்த்தொழில், கடை வைப்பது, சுகாதாரம், அதிகாரிகளின் லஞ்சம் இவற்றைப் பற்றி நேராகப் பேசினார். ஜார் ஆட்சியின் அதிகாரிகளை அவர் எழுதிய எள்ளல் கதைகளில் பார்க்கலாம். காசநோய் அரித்துக்கொண்டிருந்த கடைசி ஆண்டுகளை நௌமியெஸ்திஸ் என்ற எல்லையூரில் கழித்தார். ஆற்றுக்கு அக்கரை பிரஷ்யா, இதழ் அச்சாகும் நாடு. 1898இல் 'தௌதிஷ்கா கியெஸ்மே' என்ற பாடலைச் சொல்லும் இசையும் தாமே அமைத்து வார்பாஸில் வெளியிட்டார். மறு ஆண்டே இறந்தார், வயது நாற்பது. அந்தப் பாடல்தான் இன்றைய நாட்டுப்பண்.

இவர்களில் பலர் சுவல்கியாவிலிருந்தே வந்ததற்குக் காரணம் உண்டா?

உண்டு. 1795இல் அந்தப் பகுதி மட்டும் பிரஷ்யாவிடம் போய், 1807இல் நெப்போலியன் அமைத்த வார்சா அரசின்கீழ் வந்தது. அங்கே பண்ணையடிமை முறை அப்போதே ஒழிந்தது, மற்றப் பகுதிகளுக்கு அரை நூற்றாண்டுக்கு முன். அதனால் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் வசதியுள்ள உழவர் குடும்பங்கள் உருவாயின. மரியம்பொலே உயர்பள்ளியில் லித்துவேனிய மொழியும் கற்பிக்கப்பட்டது. போலிஷ் செல்வாக்கைக் குறைக்க நினைத்த ரஷ்ய அரசு, அந்தப் பகுதி லித்துவேனிய மாணவர்களுக்கு மாஸ்கோவில் படிக்க உதவித்தொகையும் தந்தது. படித்து முடித்தால் கத்தோலிக்கர் என்பதால் ஊரில் அரசு வேலை கிடையாது. சொந்தமாகத் தொழில் செய்யக்கூடிய மருத்துவம், வழக்கறிஞர் தொழில், இல்லாவிட்டால் குருத்துவம். இயக்கத்தில் மருத்துவர்கள் நிறைந்திருந்ததன் காரணம் இது.

லித்துவேனிய மொழிக்கும் சமஸ்கிருதத்துக்கும் உறவு என்கிறார்களே, அதற்கும் விழிப்புக்கும் தொடர்பு உண்டா?

இரண்டும் இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்தக் குடும்பத்தில் இன்றும் பேசப்படும் மொழிகளில் பழைய இலக்கணக் கூறுகளை அதிகம் காத்துவைத்திருப்பது லித்துவேனியம். ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்று பரவும் செய்தி தவறு.

விழிப்போடு தொடர்பு நிச்சயம் உண்டு. அவுகுஸ்ட் ஷ்லைஹர் என்ற ஜெர்மானிய மொழியியலாளர் 1852இல் சிறிய லித்துவேனியாவுக்குப் போய் உழவர்களிடம் மொழி கற்று, 1856–57இல் அதன் இலக்கணத்தையும் வாசகத்தையும் பிராகாவில் வெளியிட்டார். பிரபுக்கள் ஏளனம் செய்த குடியானவப் பேச்சை ஐரோப்பியப் பேராசிரியர்கள் புதையலாகப் பார்த்த செய்தி, படித்த லித்துவேனிய இளைஞர்களுக்குத் தலைநிமிர்வைத் தந்தது.

இந்தியாவோடு இன்னொரு தொடர்பும் உண்டு. தில்சித்தில் வாழ்ந்த எழுத்தாளர், சிந்தனையாளர் விதூனாஸ் இந்தியத் தத்துவத்தில் ஆழ்ந்தவர், பகவத் கீதையை லித்துவேனியத்தில் மொழிபெயர்த்தவர். ஜெர்மனிமயமாக்கலின் நடுவே 1895இல் பாடகர் சங்கம் அமைத்துப் பல்லாண்டு நடத்தினார்.

பொதுவான எழுத்துமொழியை யார் உருவாக்கினார்கள்?

முதன்மையாக யோனாஸ் யப்லோன்ஸ்கிஸ். வட்டார வழக்குகள் மிகவும் வேறுபட்டவை, ஒவ்வோர் இதழும் ஒவ்வொரு விதமாக எழுதிக்கொண்டிருந்தது. மேற்கு ஔக்ஷ்தைத்திய வழக்கை அடிப்படையாக வைத்து அவர் எழுதிய இலக்கணம் 1901இல் புனைபெயரில் தில்சித்தில் அச்சானது. போலிஷ் பாணிக் கூட்டெழுத்துகளை விலக்கிச் செக் மொழியைப் பின்பற்றி மேற்குறியிட்ட எழுத்துகள் நிலைபெற்றன. புத்தகத்தைவிட உழவர் பேச்சை நம்பினார், கிராமங்களில் கேட்டு எழுதிக்கொண்ட தொடர்களையே எடுத்துக்காட்டாக வைத்தார்.

பெண்களின் பங்கு என்ன?

ராட்டையடியில் சொல்லிக்கொடுத்த தாய்மார்களை முன்பே சொன்னேன். எழுத்திலும் அவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். ஜெமைத்தே என்ற பெயரில் எழுதிய யூலியா ஜிமந்தியேனே குழந்தைகளை வளர்த்து, நிலத்தில் உழைத்து, கிட்டத்தட்ட ஐம்பது வயதில் முதல் கதையை வெளியிட்டார். கிராமத்துத் திருமணங்களின் உள்ளே நடப்பதை அவரளவு கூர்மையாக அன்று எழுதியவர் இல்லை. அவருக்குத் துணைநின்ற கப்ரியேலே பெத்கெவிச்சைத்தே-பிதே 1920 மே 15இல் அரசியல் நிர்ணய சபையின் முதல் அமர்வுக்கு, மூத்த உறுப்பினர் என்ற முறையில், தலைமை வகித்தார். 1907இல் கௌனாஸில் லித்துவேனியப் பெண்கள் மாநாடு நடந்தது.

போலிஷ் மக்களோடும் பிற இனத்தாரோடும் உறவு எப்படி இருந்தது?

இதில் வலி நிறைந்த பக்கங்கள் உண்டு, மூடி மறைக்கத் தேவையில்லை. கவிஞர் ஆதாம் மித்ஸ்கியேவிச் 1834இல் வெளியிட்ட காவியத்தை லித்துவேனியாவைத் தாய்நாடே என்று விளித்துத் தொடங்குகிறார், ஆனால் போலிஷில். அவருக்கு அதில் முரண் இல்லை. மொழியை அடையாளமாகக் கொண்ட புதிய இயக்கம் வந்ததும், போலிஷ் பேசிய பல குடும்பங்கள் தங்கள் மூதாதையர் நாட்டில் தாங்களே வேற்றாராக ஆக்கப்படுவதாக உணர்ந்தார்கள். ஒரே குடும்பத்தில் ஒரு சகோதரர் லித்துவேனியராகவும் மற்றவர் போலிஷ்காரராகவும் பிரிந்ததும் நடந்தது. கோயிலில் எந்த மொழியில் ஜெபிப்பது என்பதில் அடிதடிவரை போனது.

வில்னியுஸ் இன்னும் சிக்கல். 1897 கணக்கெடுப்பில் நகரில் யூதர்கள் சுமார் 40 விழுக்காடு, போலிஷ் பேசியவர்கள் சுமார் 31, லித்துவேனியம் பேசியவர்கள் வெறும் 2. யூதர்களின் மொழியான இத்திஷின் பண்பாட்டுக்கும் அது தலைநகர், பெலாருஸ் மக்களின் 'நாஷா நீவா' இதழும் 1906இல் அங்கேதான் தொடங்கியது. 1920இல் நகரம் போலந்திடம் போக, கௌனாஸ் தற்காலிகத் தலைநகரானது.

தடை இல்லாவிட்டால் விழிப்பே வந்திருக்காது என்கிறார்களே?

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. தௌகந்தாஸ், பஞ்சாங்கம், பரனௌஸ்காஸ் எல்லாம் தடைக்கு முந்தியவர்கள். விதை இருந்தது.

தடையால் நடந்தது ஒன்று உண்டு: எழுத்தறிந்த ஒவ்வோர் உழவரையும் அது முடிவெடுக்க வைத்தது. ஜெபப் புத்தகம் வைத்திருப்பதே சட்டமீறல் என்றானபின், அரசுக்கு எதிராக நிற்கிறோம் என்ற உணர்வு தானாக வந்தது. ஜெபப் புத்தகத்தைச் சுமந்த அதே கைகள் பிறகு ஔஷ்ராவையும் வார்பாஸையும் சுமந்தன. இதழ் தொடங்கியவர்கள் புதிதாக விநியோக வழி தேட வேண்டியிருக்கவில்லை.

இழப்பையும் பார்க்க வேண்டும். நாற்பது ஆண்டுகளாகச் சட்டபூர்வமான செய்தித்தாள் இல்லை, பாடநூல் இல்லை, நாடக மேடை இல்லை. லித்துவேனிய மண்ணில் அந்த மொழியில் முதல் பொது நாடகம் 1899இல் பலங்காவில் ஒரு களஞ்சியத்தில்தான் நடந்தது. அறிவாளிகள் பல்கேரியாவிலும் ரஷ்யாவிலும் அமெரிக்காவிலும் சிதறினார்கள். மக்கள் ஒடுக்குமுறையை வென்றார்கள் என்பதால் ஒடுக்குமுறைக்கு நன்றி சொல்லும் பேச்சு எனக்கு ஒப்பாது.

அமெரிக்காவுக்குப் போனவர்கள் என்ன செய்தார்கள்?

பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கங்களில் உழைத்த லித்துவேனியர்கள் இதழ்களும் நூல்களும் வெளியிட்டார்கள். நியூயார்க்கில் 1879இலேயே ஒரு லித்துவேனிய வார இதழ் வந்தது. 1900 பாரிஸ் உலகக் கண்காட்சியில் தடைசெய்யப்பட்ட லித்துவேனிய நூல்களைக் காட்சிக்கு வைத்ததில் அவர்கள் பங்கு பெரியது.

தடை எப்படி நீங்கியது, விடுதலை எப்படி வந்தது?

தடை ஒருபோதும் முறையான சட்டமாக இயற்றப்படவில்லை, நிர்வாக உத்தரவாகவே இருந்தது. பொறியாளர் அந்தானாஸ் மத்சியௌஸ்காஸ் தம் லித்துவேனிய வரைபடத்தைப் பறித்ததற்கு எதிராக வழக்காடி, 1903இல் பேரரசின் உயர்மன்றம்வரை சென்று வென்றார். ஜப்பானோடு போர் மூண்ட 1904இல் அரசு தடையை நீக்கியது. அந்த ஆண்டு இறுதியிலேயே பெத்ராஸ் வில்லேஷிஸ் வில்னியுஸில் முதல் சட்டபூர்வ நாளிதழைத் தொடங்கினார்.

1905 டிசம்பர் 4, 5 நாள்களில் சுமார் 2000 பேராளர்கள் வில்னியுஸில் கூடி, தன்னாட்சியும் வில்னியுஸில் நாடாளுமன்றமும் கேட்டார்கள். 1907இல் லித்துவேனிய அறிவியல் சங்கம் பிறந்தது. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் முதல் ஓவியக் கண்காட்சியும் நடந்தது, ஓவியரும் இசையமைப்பாளருமான சியூர்லியோனிஸ் அதில் முன்னின்றார். 1915இல் ஜெர்மனிப் படை நாட்டைப் பிடித்தது. 1917 செப்டம்பரில் வில்னியுஸ் மாநாடு 20 பேர் கொண்ட அவையைத் தேர்ந்தது. 1918 பிப்ரவரி 16இல் அவர்கள் கையெழுத்திட்ட பிரகடனத்தில் முதல் கையெழுத்து பசனாவிச்சியுஸுடையது. சரியாக ஒன்பது ஆண்டுகள் கழித்து அதே தேதியில் அவர் வில்னியுஸில் இறந்தார்.

1988க்குப் பிந்தைய விடுதலை இயக்கம் இதன் தொடர்ச்சியா?

மக்கள் அப்படித்தான் உணர்ந்தார்கள். சோவியத் ஆட்சியில் குதிர்காவின் பாடல் தடைசெய்யப்பட்டு 1988இல் திரும்ப வந்தது. 1972 முதல் தட்டச்சில் நகலெடுத்துக் கைமாறிய கத்தோலிக்கத் திருச்சபைக் குரோனிக்கிள் என்ற ரகசிய இதழ், புத்தகம் சுமந்தவர்களின் வழிமுறையைத்தான் பின்பற்றியது. 1924இல் கௌனாஸில் தொடங்கிய பாட்டுத் திருவிழா மரபு அந்த ஆண்டுகளில் மக்களைத் திரட்டியது. 1990 மார்ச் 11இல் விடுதலை மீட்கப்பட்டது.

இவற்றை நேரில் பார்க்க எங்கே போகலாம்? எந்த நாள்களில் நினைவுகூர்கிறார்கள்?

கௌனாஸில் போர் அருங்காட்சியகத் தோட்டத்தில் புத்தகம் சுமப்பவர் சிலை இருக்கிறது, சிற்பி யூஜாஸ் ஜிகாராஸ். வில்னியுஸில் பிலியெஸ் தெருவில் பிரகடனம் கையெழுத்தான வீடு அருங்காட்சியகமாக உள்ளது. பிரகடனத்தின் மூலப்படி ஒன்று 2017இல் பெர்லினில் ஜெர்மன் வெளியுறவு ஆவணக்காப்பகத்தில் கிடைத்தது. ஒஜ்கபலியாயில் பசனாவிச்சியுஸின் பிறந்த இடத்தையும் பிதேனாயில் யன்குஸின் அச்சகத்தையும் பார்க்கலாம். விதூனாஸின் உடலும் பிதேனாய்க்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. தில்சித் இப்போது ரஷ்யாவின் கலினின்கிராத் பகுதியில் சோவெத்ஸ்க் என்ற பெயரில் இருக்கிறது.

பிப்ரவரி 16 விடுதலை நாள். பியெலினிஸ் பிறந்த மார்ச் 16 புத்தகம் சுமந்தவர்களின் நாள். தடை நீங்கிய மே 7 அச்சு, மொழி, புத்தகம் மூன்றுக்குமான நாள்.